அயர்லாந்தில் சட்டம் படிக்க வரும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். அயர்லாந்து என்ற பெயர் நம்மில் பலருக்கு முதலில் அறிமுகமானது ஒரு மதிப்பெண் கேள்வியில்தான். அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள் எந்த நாட்டு அரசமைப்பிலிருந்து எடுக்கப்பட்டவை? அயர்லாந்து. விடையை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். அந்த 1937-ஆம் ஆண்டு அரசமைப்பின் 45-ஆவது பிரிவைப் பார்த்துத்தான் நம் சட்ட மேதைகள் எழுதினார்கள். அதற்கு நான்கு பிரிவு முன்னால், 41-ஆவது பிரிவு, குடும்பத்தைப் பற்றியது. அதைப் படிக்கச் சொல்லித்தான் இந்த மடல்.

மதுரையில் குடும்ப நீதிமன்றத்தில் ஐந்து வருடம் வக்கீலாக இருந்துவிட்டு, கணவரின் வேலைக்காக டப்ளின் வந்தவள் நான். இப்போது மாலை வகுப்பில் குழந்தைச் சட்டமும் குடும்பச் சட்டமும் படிக்கிறேன். என்னோடு பேசும் நம் ஊர் மாணவர்கள் பெரும்பாலும் தரவுப் பாதுகாப்பு, கம்பெனிச் சட்டம், அறிவுசார் சொத்துரிமை என்றுதான் எடுக்கிறார்கள். டப்ளினில் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் இருக்கின்றன, வேலை கிடைக்கும், புரிகிறது. கல்விக் கடனை அடைக்க வேண்டுமே. சொலிசிட்டர் ஆக விரும்புவோர் எழுதும் எஃப்.ஈ.-1 தேர்வின் எட்டுத் தாள்களிலும் குடும்பச் சட்டத்துக்கென்று ஒரு தாள் கிடையாது. பயிற்சிக் காலத்தில்தான் அது வருகிறது. அதனால் இது ஓரத்துப் பாடம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஓரத்துப் பாடம் இல்லை என்பதை எனக்குக் காட்டியது ஒரு பத்து வயதுப் பையன்.

போன வருடம் தெரிந்த ஒரு தங்கை போன் செய்தாள். "அக்கா, ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க, கொஞ்சம் வர்றீங்களா?" நான் போய்ச் சேர அரைமணி நேரம் தாமதம். உள்ளே ஆசிரியை, இவள், நடுவில் பையன். பேசுவதை எல்லாம் அவன்தான் தமிழில் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் உட்கார்ந்த நேரத்தில் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்: வீட்டில் யாராவது உன்னை அடிப்பார்களா என்று அம்மாவிடம் கேள். பையன் வாயைத் திறக்கவில்லை. மேசைக்கு அடியில் தன் ஷூ லேஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா என்னைப் பார்த்து, "என்ன கேக்குறாங்க அக்கா?" என்றாள்.

தன்னைப் பற்றிய கேள்வியைத் தானே தன் தாயிடம் மொழிபெயர்க்க வேண்டிய நிலைமையில் எந்தப் பிள்ளையையும் வைக்கக் கூடாது. அன்று அந்தப் பள்ளி மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஆனால் எனக்கு அதைவிட உறுத்தியது, அந்தத் தங்கைக்குச் சொல்ல என்னிடம் சரியான பதில் இல்லாததுதான். வக்கீல் என்ற பெயர் மட்டும் இருந்தது.

பதிலை அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். "நியாயமான கண்டிப்பு" என்று சொல்லிப் பெற்றோர் தப்பிக்க வழிவிட்ட பழைய பொதுச் சட்டத் தற்காப்பை அயர்லாந்து 2015 டிசம்பர் 11 அன்று எடுத்துவிட்டது. அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே அது தற்காப்பு ஆகாது. சரியாக இரண்டு வருடம் கழித்து, 2017 டிசம்பர் 11 முதல், ஆசிரியர், மருத்துவர், நர்ஸ் போன்றவர்களுக்குக் குழந்தைக்குக் கடுமையான தீங்கு நடக்கிறது என்று தெரிந்தால் டூஸ்லாவுக்குத் தெரிவிக்க வேண்டிய சட்டக் கடமை வந்தது. டூஸ்லா என்பது 2014-இல் தொடங்கிய குழந்தை, குடும்ப நல அமைப்பு. நம் வீடுகளில் அந்தப் பெயரைக் கேட்டாலே பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு பயம். அது சரியில்லை. சட்டத்தைப் படித்தால் அங்கே எத்தனை படிகள் இருக்கின்றன என்று தெரியும். 1991-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்புச் சட்டப்படி அவசர ஆணை அதிகபட்சம் எட்டு நாள்தான். இடைக்கால ஆணை பொதுவாக 29 நாள். நீட்டிக்க வேண்டுமென்றால் மறுபடி நீதிபதி முன் போக வேண்டும். மேற்பார்வை ஆணை என்றால் பிள்ளை வீட்டிலேயே இருக்கும், அலுவலர் வந்து பார்ப்பார். முழுப் பராமரிப்பு ஆணைதான் கடைசி.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று உண்டு. பெற்றோரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையைத் தற்காலிகமாக டூஸ்லாவிடம் ஒப்படைப்பது. இதை இங்கே "வாலன்டரி கேர்" என்கிறார்கள். நீதிமன்றமே வேண்டாம். இதில் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெறலாம் என்பது. பெற்றோர் பிள்ளையைத் திருப்பிக் கேட்டால், தர மறுக்க நீதிமன்ற ஆணை வேண்டும். கையில் பேனாவைக் கொடுக்கும் நேரத்தில் இதைத் தமிழில் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு வித்தியாசம்!

சரி, 41-ஆவது பிரிவுக்கு வருகிறேன். அயர்லாந்து அரசமைப்பு குடும்பத்தைச் சமூகத்தின் அடிப்படை அலகு என்று உயர்த்திப் பிடிக்கிறது. ஆனால் எந்தக் குடும்பத்தை? திருமணத்தின் மேல் கட்டிய குடும்பத்தை மட்டும். திருமணம் ஆகாத தாயும் அவள் பிள்ளையும் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றார்கள். மணமாகாமல் கருவுற்ற பெண்களைப் பிள்ளைப்பேற்றுக்கு அனுப்பிவைத்த இடங்களுக்குத் தாய்-சேய் இல்லங்கள் என்று பெயர். வெளியே நின்றவர்களுக்கு என்ன ஆனது என்பதை 2021-இல் வெளியான அந்த இல்லங்களின் விசாரணை அறிக்கை சொல்கிறது. ஆராய்ந்த 18 இல்லங்களில் இறந்த குழந்தைகள் சுமார் 9,000. கால்வே மாவட்டத்தில் டூவம் என்ற ஊரில் இறந்த 796 குழந்தைகளின் பெயரைத் தேடியெடுத்தவர் கேத்தரின் கார்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர். இறப்புச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிச் சேர்த்த பட்டியல் அது. குடும்பச் சட்டம் படிக்க உட்காரும் யாரும் அந்தப் பட்டியலில் ஒரு பக்கத்தையாவது மெதுவாகப் படிக்க வேண்டும் என்பேன். பெயர், வயது. சில வயதுகள் நாள் கணக்கில்.

"பேபி ஆன்" வழக்கு என்று அழைக்கப்படும் 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மணமாகாத இரு மாணவர்கள் தங்கள் குழந்தையைத் தத்துக் கொடுக்க ஒப்படைத்தார்கள். தத்து முழுமையாகவில்லை. அதற்குள் மனம் மாறியது. 2006-இல் திருமணமும் செய்துகொண்டார்கள். அந்தத் திருமணத்தோடு சட்டத்தின் தராசே சாய்ந்துவிட்டது. இப்போது அவர்கள் அரசமைப்பு சொல்லும் "குடும்பம்". உச்ச நீதிமன்றம் இரண்டு வயது தாண்டிய குழந்தையை, அதுவரை வளர்த்தவர்களிடமிருந்து பெற்றவர்களிடம் திருப்பச் சொன்னது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி கேத்தரின் மெக்கின்னஸ், இத்தனை வக்கீல்கள் வாதாடிய வழக்கில் தனக்கென்று தனியாக யாரும் பேசாமல் நின்றது அந்தக் குழந்தை மட்டும்தான் என்று எழுதினார். நான் அந்த வரியில் நெடுநேரம் நின்றுவிட்டேன். ஏனென்றால் 1993-இல் கில்கென்னி பாலியல் கொடுமை விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கி, குழந்தைகளின் உரிமையை அரசமைப்பில் எழுத வேண்டும் என்று பரிந்துரைத்தவரும் அதே மெக்கின்னஸ்தான். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகும் அந்த இடம் காலியாகவே இருந்தது.

2012 நவம்பர் 10 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்து, சுமார் 58 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். வழக்கு ஒன்றால் தாமதமாகி 2015 ஏப்ரலில்தான் 42அ என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. குழந்தையின் நலனே முதன்மை, சொல்லத் தெரிந்த வயதில் அதன் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது இப்போது அரசமைப்பிலேயே இருக்கிறது. அந்தப் பையன் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்ததும் ஒரு கருத்துதான். அதைக் கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

குடும்பம் என்ற சொல் மட்டும் இன்னும் திறக்கவில்லை. 2024 ஜனவரியில், மணமாகாமல் ஒரே வீட்டில் வாழ்ந்து மூன்று பிள்ளைகளைப் பெற்று, துணைவியை இழந்த ஒருவருக்குத் துணையிழந்தோர் ஓய்வூதியம் மறுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 41-ஆவது பிரிவைப் பொறுத்தவரை குடும்பம் என்பது திருமணம்தான் என்ற பழைய நிலை அப்படியே. இரண்டு மாதத்தில் அதை விரிக்க ஒரு வாக்கெடுப்பு வந்தது. மார்ச் 8 அன்று மக்கள் 67.7 விழுக்காடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று வகுப்பில் இன்னும் விவாதம் ஓயவில்லை. நம் ஊரில் திருமணம், குலம், பெயர் என்று பேசுவதையெல்லாம் கேட்டு வந்த நமக்கு அந்த விவாதத்தில் பேச நிறையவே இருக்கும்.

நடைமுறையில் ஒரு சிக்கல் சொல்லிவிடுகிறேன். மதுரையில் போல நீதிமன்றத்தில் பின் வரிசையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது. இங்கே குடும்ப வழக்குகள் மூடிய கதவுக்குள் நடக்கும். அதனால் புத்தகத்தோடு நின்றுவிடாமல், 2012-இல் கேரல் கோல்ட்டர் தலைமையில் தொடங்கிய குழந்தைப் பராமரிப்புச் சட்ட அறிக்கைத் திட்டத்தின் வழக்கு அறிக்கைகளைப் படியுங்கள். பெயர், ஊர் எல்லாம் மறைத்து, மாவட்ட நீதிமன்றத்தில் என்ன நடந்தது, தாய் என்ன சொன்னாள், அலுவலர் என்ன சொன்னார் என்று எழுதியிருப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் வராததால் ஒத்திவைத்த வழக்குகளும் அதில் உண்டு.

உங்களிடம் ஒரு உதவியும் கேட்க வேண்டும். அம்மாக்களுக்குப் புரியும் தமிழில் ஒரு சொற்பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை நாற்பது சொற்கள் ஆகியிருக்கின்றன. "ஆக்ஸஸ்" என்பதற்குப் "பிள்ளையைப் பார்க்கும் உரிமை" என்று எழுதினேன், அது போதும். "வாலன்டரி கேர்" மட்டும் படியவே இல்லை. "தன்விருப்பப் பராமரிப்பு" என்றால் ஏதோ முதியோர் இல்லம் என்று நினைக்கிறார்கள். "சம்மதித்து ஒப்படைத்தல்" என்றால் பிள்ளையை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டது போல் பயப்படுகிறார்கள். திரும்பக் கேட்கலாம் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். உங்களுக்குத் தோன்றினால் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
டப்ளினிலிருந்து ஒரு அக்கா