அம்மம்மாவின் புளுகமும் கவலையும்

அன்புள்ள மலர்,

இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லையென்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, ஆனால் முதலில் இதைக் கேள்: நான் அம்மம்மா ஆகிவிட்டேன். உன்னை முந்திவிட்ட புளுகம் வேறு.

மகள் சுபாவின் பிள்ளை, கர்ப்பத்தின் 31ஆவது கிழமையிலேயே வந்துவிட்டாள். இப்போது 34 முடிகிறது. மூச்சு பரவாயில்லை, சூடு காக்கிற இன்குபேட்டர் பெட்டியை விட்டும் எடுத்தாயிற்று. மிச்சம் பால் குடிப்பதுதான். அது இவ்வளவு பெரிய வேலையென்று இரண்டு பெற்ற எனக்கே தெரியாதடி! உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், இடையில் மூச்சும் விடவேண்டும். மூன்றும் ஒழுங்காய்ச் சேர்ந்து வர 34 கிழமையளவு ஆகுமாம். அதுவரை சுபா எடுத்துக் கொடுக்கிற பால் மூக்குக் குழாயால் வயிற்றுக்குப் போனது. அந்த நேரம் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்து வைத்து, பால் எடுத்த பிறகு மார்பைச் சும்மா சூப்ப விடுவார்கள். சூப்பினால் வயிறு நிறையும் என்று அவளுக்குப் பழகட்டுமாம். நெஞ்சோடு வைக்கிற இந்தக் கங்காரு முறை 1970களின் கடைசியில் கொலம்பியாவில், பெட்டிகள் போதாமல் தொடங்கியதாம். இல்லாமையிலும் ஒரு நன்மை, பார்.

இப்போது மார்பிலும் பிடிக்கிறாள், சின்னக் கோப்பையாலும் கொஞ்சம். கோப்பையைக் கீழுதட்டில் தொட வைத்தால் போதும், அவளே நக்கி எடுப்பாள். வாய்க்குள் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். விரலை விரித்தாலோ, நெற்றியைச் சுருக்கினாலோ, வாயோரம் வழிந்தாலோ நிறுத்திவிட வேண்டும். "அளவைப் பாராதேங்கோ, முகத்தைப் பாருங்கோ" என்கிறா தாதி மிஸி. சம்பந்தியம்மாவோ, "போத்திலைக் குடுத்தால் தன்பாட்டில் குடிக்கும்" என்று நிற்கிறா. நீ இங்கே இருந்தால் ஏதாவது பகிடிக் கதை சொல்லியே அவவின் வாயை அடைத்திருப்பாய்.

பகிடி போகட்டும். ஒரு நாள் குடிக்கும்போதே மூச்சை மறந்துவிட்டாள். உதடு நீலமாகிவிட்டது. மிஸி ஓடிவந்து முதுகைத் தடவ, திரும்ப மூச்சு விட்டாள். அவளுக்கு அது அன்றோடு போயிற்று, அடுத்த நேரமே வாயைத் திறந்து தேடினாள். சுபாவுக்குத்தான் போகவில்லை. பிள்ளையை மடியில் வைத்தாலே கை நடுங்குகிறது, சோதனை மண்டபத்தில் இருக்கிறவள் மாதிரி. குடிக்காமல் தூங்கினால் தன் பிழையென்று அழுகிறாள். பிள்ளை பழகிவிடுவாள் மலர், எனக்குப் பயம் தாயை நினைத்துத்தான். நான் சொன்னால், "அம்மா அப்படித்தான் சொல்லுவா" என்கிறாள்.

உன் மூத்தவனும் எட்டு மாதத்தில் வந்தவன்தானே. எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அவளோடு ஒருக்கா கதை. இரவு எட்டு மணிக்குப் பிறகு எடு, சம்பந்தியம்மா வீட்டுக்குப் போய்விடுவா.

அன்புடன்,
உன் ராணி