கூட்ஸில் வந்த மணல்

அடி வாத்து,

நலம். நீயும் நலம்தான் என்று உன் அம்மா ரேஷன் கடையில் சொன்னார்கள். உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் போடாததற்கு முதலில் திட்டித் தீர்த்துவிடு. சரி, ஆயிற்றா? கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் அதற்கும் சேர்த்துத் திட்டாதே. லேடீஸ் பெட்டியில் உட்கார்ந்து, மடியில் டிபன் பாக்ஸ், அதன்மேல் நோட்டு என்று வைத்து எழுதுகிறேன். இப்போதுதான் மணவூர் தாண்டியது.

"உனக்கென்ன, அம்மா கைச்சோறு, சொந்தப் பாய், கொடுத்துவைத்தவள்" என்று எழுதியிருந்தாய். கோயம்புத்தூர் ஹாஸ்டல் சாம்பார் உன்னை இப்படிப் பேசவைக்கிறது போல. அந்தக் கைச்சோற்றின் கதையைக் கேள். அம்மா ஐந்து மணிக்குக் கிளறும் புளிசாதத்தை நான் திறப்பது பன்னிரண்டரைக்கு. அதற்குள் அது அப்பாவின் டிவிஎஸ்ஸில் ஸ்டேஷன்வரை குலுங்கி, லோக்கலில் ஒன்றரை மணி நேரம் நசுங்கி, மூர் மார்க்கெட்டில் இறங்கி, சுரங்கப்பாதையில் ஓடி, பறக்கும் ரயில் ஏறி, சேப்பாக்கத்தில் மறுபடி நடந்திருக்கும். காரைக்கால் அம்மையார் நம் ஆலங்காட்டுக்குத் தலையாலேயே நடந்து வந்தார் என்று சொல்வார்களே, இப்போது எனக்கு அவர்மேல் பொறாமையாக இருக்கிறது. அவர் ஒரு தடவைதான் வந்தார்.

நான் வரலாறு படிக்கிறேன் என்று நீ நம்புவதற்காக ஒன்று சொல்கிறேன். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போன தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்தத் தடத்தில்தான் ஓடியது. வகுப்பில் இதைச் சொன்ன அன்று, தண்டவாளம் என் தாத்தா போட்டது மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் சென்ட்ரலுக்குச் சற்று முன்னால் வண்டி இருபது நிமிடம் நின்றது. பெருமையெல்லாம் அங்கேயே இறங்கிவிட்டது.

அப்புறம், சொல்ல வந்த விஷயம். வகுப்பில் எனக்கு 'வண்டி வந்துடும்' என்று பெயர். கடைசி வகுப்பு முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு ஓடுகிறவள் நான்தான். மற்றவர்கள் டீக்கடை, நாடக ஒத்திகை, சண்டை, சமாதானம் என்று எல்லாவற்றையும் நான் போன பிறகுதான் செய்கிறார்கள். மறுநாள் ஒரு சிரிப்புக்கு எல்லோரும் சிரிப்பார்கள், எனக்குப் புரியாது. விளக்கிச் சொன்னால் சிரிப்பு வராது. நம் ஜாமெட்ரி பாக்ஸ் விவகாரத்தை வேறு யாருக்காவது சொல்லிப் பாரேன், தெரியும்.

போன புதன்கிழமை நான் ஓடவில்லை. எல்லோருடனும் மெரினாவுக்குப் போனேன். அம்மாவுக்குப் போன் போட்டு, "சிக்னல் கோளாறும்மா, வண்டி அப்படியே நிக்குது" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா! அலையில் நின்றோம், சுண்டல் தின்றோம், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் இப்போது அந்தச் சிரிப்புகளில் ஒன்று எனக்கும் புரிகிறது.

வீட்டுக்கு வந்தபோது ஒன்பதரை. அம்மா டிபன் பாக்ஸை எடுக்க என் பையைக் கவிழ்த்தாள். தொட்டியடியில் ஒரு பிடி மணல் கொட்டியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தவள், "என்னடி, கூட்ஸ்லயா வந்த?" என்று கேட்டுவிட்டுத் துடைப்பம் எடுத்து வந்தாள். அவ்வளவுதான். அடித்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அதைவிட மோசம் மறுநாள் காலை. ஸ்டேஷன் வாசல் டீக்கடைக்காரர், "என்னம்மா, உங்கப்பா சிக்னல் போச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னாரு, வண்டி ஒண்ணொண்ணும் கரெக்டாத்தானே வந்துச்சு" என்றார். அப்பா அங்கே மூன்று வண்டி வரும்வரை நின்றிருக்கிறார். மூன்றும் நேரத்துக்கு வந்திருக்கின்றன. அன்று ராத்திரி என்னை டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அதை அசதி என்று நினைத்தேன், மடச்சி.

அதிலிருந்து ஹாஸ்டல் நினைப்பாகவே இருக்கிறது. கேட்க வாய் வரவில்லை. பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்புவரை சீசன் டிக்கெட் இலவசம். பையன்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்போடு சரி, அதனால் பக்கத்துத் தெரு ஜவ்வரிசி என்னைப் பார்த்தாலே முறைக்கிறான். மாதம் 1000 ரூபாய் புதுமைப் பெண் பணம் வேறு வருகிறது. போக்குவரத்துக்குச் செலவே இல்லாத பெண் எந்தக் கணக்கில் ஹாஸ்டல் கேட்பாள்? அதோடு இன்னொன்று, சிரிக்காதே. இந்தப் பெட்டியை விட்டுப் போகவும் மனமில்லை. எதிரே இருக்கும் கடம்பத்தூர் அக்கா சாயங்கால வண்டியில் வீடு போய்ச் சேர்வதற்குள் அரைக் கிலோ பூண்டு உரித்துவிடுவார். தோலை ஒரு துணிப்பையில் போட்டு முடிச்சுப் போடுவார், ஒன்றுகூடக் கீழே விழாது. பரீட்சைக்கு முதல்நாள் எனக்கு ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்து, பக்கத்தில் சத்தமாகப் பேசிய இரண்டு பேரை அதட்டி அடக்கியதும் அவர்தான்.

நீ ஹாஸ்டலுக்குப் போன புதிதில் ராத்திரி அழுதாய் என்று உன் அம்மா சொன்னார்கள். எனக்கு ஏன் எழுதவில்லை? அதை எழுது. சாம்பாரைப் பற்றிப் போதும். அப்பாவிடம் நான் முதலில் எதைச் சொல்ல வேண்டும், மணலையா ஹாஸ்டலையா என்றும் எழுது.

ஆவடி வந்துவிட்டது. கூட்டம் ஏறுகிறது, முழங்கையை அசைக்க இடமில்லை. மிச்சம் சா