கோட்டைக்கு முன்னால் நிழல் வேண்டும், சுவரில் சிமென்டு வேண்டாம்: தரங்கம்பாடிக்கு ஒரு திறந்த மடல்

தரங்கம்பாடியின் டேனிஷ் காலக் கட்டடங்களையும் அவற்றைச் சுற்றிய வளாகங்களையும் பராமரிக்கும் அலுவலர்களுக்கும், சுற்றுலாத் திட்டம் தீட்டுவோருக்கும் வணக்கம்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வேனை நேராகக் கோட்டை வாசலில் நிறுத்தி இறங்குகிறார்கள். உள்ளே ஒரு சுற்று, கடலோரம் நாலு படம், அடுத்தது பூம்புகார். நண்பகல் வெயிலில் மணலில் கால் வைக்க முடியாதபோது வேறென்ன செய்வார்கள்? இந்த ஊரை அரை நாள் நடந்து பார்க்க வேண்டும். நடக்க நிழல் வேண்டும், பார்க்கச் சுவர் நிற்க வேண்டும். வண்ண விளக்கும் பேவர் பிளாக்கும் செல்ஃபி வளைவும் அப்புறம் இருக்கட்டும். கையிலிருக்கும் பணத்தை முதலில் மரத்துக்கும் சுண்ணாம்புக்கும் கொடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

நடை தொடங்க வேண்டிய இடம் கோட்டை அல்ல, ஊரின் மேற்கு வாசல். 1792இல் கட்டிய அந்த வளைவுக்கு வெளியே பேருந்துகளும் வேன்களும் நின்றுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அங்கிருந்து ராஜ வீதி கடலை நோக்கி நேராகப் போகிறது. வழியில் 1701இல் எழுந்த சீயோன் ஆலயம். அடுத்து 1718இன் புதிய எருசலேம் ஆலயம். 1706இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் கல்லறை அதற்குள்தான் இருக்கிறது. அவர் இங்கே அச்சிட்ட தமிழ் பைபிளின் தடத்தைத் தேடி வருகிறவர்களுக்குப் பொறையாரின் கடுதாசிப் பட்டறையையும் சொல்லி அனுப்பலாம். அச்சுக்குக் காகிதம் வேண்டுமென்று மிஷனரிகள் ஆலை வைத்த இடம் அது, பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீதி முடியும் இடத்தில் திறந்த மைதானம். ஒரு பக்கம் கவர்னர் பங்களா, எதிரே 1620இல் டேனியர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கைக்குப் பின் எழுந்த டான்ஸ்போர்க் கோட்டை. கொஞ்சம் வடக்கே, குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். முன்பகுதியைக் கடல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது.

காலை ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் எல்லாம் முடியும். கோட்டையின் கடல் பக்கச் சுவரில் காலை வெயில் விழும். மாலையில் வருகிறவர்கள் நாலு மணிக்குமேல் தொடங்கலாம். பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் வந்தால் இரண்டு குழுவாகப் பிரிப்பது நல்லது. கோட்டையின் மேல்தளத்துக்கு ஒரு குழு போகும்போது மற்றது கீழ்த்தளத்து வளைவு அறைகளைப் பார்க்கட்டும். சரக்கு வைத்ததும் ஆளை அடைத்ததும் கீழே, அதிகாரிகள் குடியிருந்தது மேலே என்பதைச் சொன்னாலே பிள்ளைகளுக்குக் கட்டடம் புரிந்துவிடும். அலைதடுப்புப் பாறைகளில் ஏறவிடக் கூடாது. பாசி படிந்த கல் காய்ந்ததுபோலத் தெரியும், கால் வைத்தால் வழுக்கும். இவை ஒரு பலகையில் அடங்கும் செய்திகள். அந்தப் பலகை மேற்கு வாசலில் இருக்க வேண்டும். திறக்கும் நேரம், விடுமுறை நாள், கழிப்பறை, குடிதண்ணீர் ஆகியவையும் அதில் வேண்டும். பலகையை மரத்தில் ஆணி அடித்து மாட்டாதீர்கள், தனிக் கம்பத்தில் வையுங்கள்.

இனி மரம். மைதானத்தின் நடுவில் ஒரு கன்றுகூட வேண்டாம். கோட்டைக்கு முன்னால் வெளி திறந்திருப்பது அழகுக்காக வைத்ததல்ல, கோட்டையின் இலக்கணமே அது. பங்களாத் தாழ்வாரத்திலிருந்து கோட்டை முகப்பும், கோட்டையிலிருந்து கடலும் மறைப்பில்லாமல் தெரிய வேண்டும். நிழல் வேண்டியது வீதியின் இரு ஓரங்களிலும் மைதானத்தின் தெற்கு, மேற்கு விளிம்புகளிலும்தான்.

என்ன மரம் என்பதில்தான் தவறு நடக்கிறது. டெல்டாச் சாலை என்றதும் புளியும் மருதமும் நினைவுக்கு வரும். மருதம் ஆற்றங்கரைப் பிள்ளை, இந்த உப்பு மணலில் தவிக்கும். தூங்குமூஞ்சி சீக்கிரம் குடை விரிக்கும், புயலில் கிளையை முறித்துப் போடவும் செய்யும். கோனோகார்பஸ் பக்கமே போக வேண்டாம். கடலோரத்துக்கென்றே பிறந்தவை புன்னையும் பூவரசும். உப்புக் காற்று நேராக அடிக்கும் முதல் வரிசைக்குப் புன்னை. வளர மெதுவாகத்தான் வளரும். ஐந்தாறு வருடம் பொறுத்தால் அதன் அடர்ந்த நிழலுக்கு ஈடு கிடையாது. பின்வரிசைக்குப் பூவரசு, அதற்கும் உள்ளே வீதியில் வேம்பும் புங்கனும். பூவரசைப் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நடுவது நம்மூர் வழக்கம், செலவில்லை. வேலிக்கு அது சரி. ஆள் நடக்கும் வழிக்கு விதையில் வளர்ந்த கன்றே வேண்டும். போத்தில் வந்ததற்கு ஆணிவேர் கிடையாது, பெருங்காற்றில் எளிதில் சாயும்.

குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். வெறும் மணலில் ஊற்றும் தண்ணீர் நிற்காது. ஆகவே அடியில் ஓரடிக்கு வாய்க்கால் வண்டலைப் போட வேண்டும். அதற்கு மேல் தோண்டிய மண்ணோடு இரண்டு கூடை மக்கிய சாணமும் ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்பலாம். கன்று ஐந்தடி உயரமாவது இருக்கட்டும். முழங்கால் உயரக் கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொள்வது சுலபம், ஆட்டுக்கு அது ஒரு வாய். புன்னைக்குப் புன்னை முப்பதடி, பூவரசுக்கு இருபதடி இடைவெளி. எந்த மரமும் பழைய சுவரிலிருந்து இருபதடிக்குள் வரக் கூடாது. கன்றுக்கு இரண்டு பக்கமும் மூங்கில் ஊன்றி, தேங்காய்க் கயிற்றை எட்டு வடிவில் போட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் கயிறு பட்டையை அறுக்கும். தூரைச் சுற்றித் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து அடுக்கினால் ஈரம் நிற்கும். முதல் கோடையில் வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் இருபது லிட்டர் தண்ணீர் வேண்டும். போர் தண்ணீர் கரித்தால் அது உதவாது, லாரியில் நல்ல தண்ணீர் கொண்டுவரும் செலவையும் திட்டத்தில் எழுதிவிடுங்கள். அதை எழுதாத திட்டங்களின் கன்றுகள் சித்திரையில் காய்ந்துவிடும்.

பெரிய மரங்களுக்கு வேறு கவனம். தூரை ஒட்டி சிமென்டுத் தளம் போட்டால் வேருக்குக் காற்றும் நீரும் போகாது. தளம் வெடிக்கும், இல்லையேல் மரம் காயும். குறைந்தது ஆறடிக்கு ஆறடி மண்ணைத் திறந்து விடுங்கள். கிளை கழிப்பது புரட்டாசியில், அடைமழைக்கும் புயலுக்கும் முன். உச்சியை மொட்டையடிப்பது கழிப்பதாகாது. வெட்டிய இடத்தில் குச்சி குச்சியாகத் துளிர்க்கும் புதுக் கிளைகளுக்கு மரத்தோடு பிடிப்பு குறைவு, அடுத்த புயலில் அவைதான் தலையில் விழும். நெருக்கமான கிளைகளைக் களைந்து காற்றுக்கு வழிவிட்டால் போதும். பருமனான கிளையென்றால் தண்டிலிருந்து ஓரடி தள்ளி முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுக்க வேண்டும். அப்புறம் கொஞ்சம் வெளியே மேலிருந்து அறுத்து இறக்கி, மிச்சக் கட்டையைக் கிளை தண்டில் சேரும் கழுத்தை ஒட்டி எடுக்க வேண்டும். நேராக மேலிருந்து அறுத்தால் கிளை விழும்போது தண்டுப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

மரமும் கட்டடமும் சண்டையிடும் இடம் கூரை. இந்தப் பங்களாக்களில் பல மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரக்கட்டை, அதன்மேல் குறுக்காக நிறுத்திய மெல்லிய செங்கல், அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும், மேலே தட்டையான ஓடு. சருகு, மழைநீர் வெளியேறும் தூம்பை அடைத்தால் மாடியில் தண்ணீர் தேங்கும், கட்டையின் முனை சுவருக்குள்ளேயே உளுத்துப்போகும். கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். ஐப்பசி முழுக்க வாரம் ஒரு முறை ஒரு ஆள், ஒரு துடைப்பம், ஒரு கம்பி. இதைவிட மலிவான பராமரிப்பு கிடையாது, இதைவிட அதிகமாக மறக்கப்படுவதும் கிடையாது. சுவர் இடுக்கில் பறவை எச்சத்தில் முளைக்கும் அரசங்கன்றை விரல் பருமனாகும் முன்பே வேரோடு எடுத்து, ஓட்டையில் சுண்ணாம்புச் சாந்தை நிரப்ப வேண்டும். கத்தியால் சீவிவிட்டால் இரட்டிப்பாகத் துளிர்க்கும்.

சுவருக்கு வருவோம். இங்கே செங்கல்லுக்குள் உப்பு இருக்கிறது. கடற்காற்று கொண்டுவந்தது ஒரு பங்கு, தரையிலிருந்து ஏறியது ஒரு பங்கு. கவர்னர் பங்களா பிற்காலத்தில் உப்புக்காகவே பயன்பட்ட கட்டடம். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும், உப்பு மேற்பரப்பில் பூக்கும், துடைத்துவிடலாம். சிமென்டு பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகிச் செங்கல்லின் முகத்தை உதிர்த்து எடுக்கும். இரண்டு மழைக்காலம் பார்க்கப் புதிதாக இருக்கும், மூன்றாவதில் பூச்சு செங்கல்லையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது, கொஞ்சம் மெதுவாக.

ஒப்பந்தத்தில் இப்படி எழுதுங்கள். பழைய காரையில் உதிரும் பகுதியை மட்டும் கொத்தி எடுப்பது. உப்பு அதிகமெனில் காகிதக் கூழைச் சுவரில் அப்பி, காய்ந்ததும் உரித்து, இரண்டு மூன்று முறை திரும்பச் செய்வது. பிறகு கிளிஞ்சல் சுண்ணாம்பு, நீற்றி இரண்டு வாரமாவது தண்ணீரில் மூழ்க வைத்தது. முதல் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு செங்கல் தூள், இரண்டு பங்கு ஆற்று மணல். கடல் மணல் ஒரு சட்டிகூட வரக் கூடாது, ஏற்கெனவே உள்ள உப்பு போதும். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போனால் வெடிக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் அளவோடு சேரட்டும். வெல்லம் கூடினால் காரை இறுகாமல் நாள் கடத்தும். பூசிய சுவரில் நேர் வெயில் படாமல் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, பத்து நாளாவது ஈரம் காக்க வேண்டும். கடைசியில் மெல்லிய சுண்ணாம்பு அடிப்பு மூன்று. கெட்டியாக ஒரே அடிப்பில் முடித்தால் உரியும். அடைமழையில் இந்த வேலை ஆகாது. தை பிறந்து தொடங்கினால் பங்குனிக்குள் முடிக்கலாம்.

வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவருகிறார்கள் என்பது உண்மை. அதனால்தான் குறைந்த விலைக்கு எடுக்கிறவருக்கே வேலை போகும் டெண்டரில் இதைச் சேர்க்காமல், சுண்ணாம்பு வேலையைத் தனியாகப் பிரித்து, சுவரில் மூன்றடிக்கு மூன்றடி மாதிரிப் பூச்சு பூசிக் காட்டச் சொல்லி ஆளைத் தேர்ந்தெடுக்கக் கேட்கிறோம்.

இந்த ஆண்டே தொடங்க முடிந்தது ஒன்று உண்டு. ஆடியில் குழி தோண்டி ஆற விடுங்கள், ஆவணியில் நிரப்புங்கள், புரட்டாசிக் கடைசியில் நடுங்கள். ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். முதல் கட்டமாக மேற்கு வாசலிலிருந்து மைதானம் வரை, வீதியின் தென்புறம் மட்டும் போதும்.

இப்படிக்கு,
சுண்ணாம்பு வேலையும் மர வேலையும் அறிந்த சிலர்,
தரங்கம்பாடி – பொறையார்