'செட் ஆகலை': பொறியியல் கல்லூரி முதல்வர்களுக்கும் முதலாண்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். வகுப்பு தொடங்கி மூன்று வாரத்தில் ஆலோசகரின் அறைக்கு வரும் முதலாண்டு மாணவர்கள் பலரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "எனக்கு இந்த இடம் செட் ஆகலை." பாடம் புரியவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. மற்றவர்கள் எல்லாம் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் மாதிரி நடமாடுகிறார்கள், நான் மட்டும் வழி தவறி வந்துவிட்டேன் என்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு 2021-இல் பொறியியலுக்கும் வந்தது. சேர்க்கை அளவில் கதவு திறந்தாகிவிட்டது. உள்ளே வந்தவர் உட்கார வேண்டுமே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் அந்த 'செல்ஃப் இன்ட்ரோ' வகுப்பை எடுத்துக்கொள்வோம். அறுபது பேர் வரிசையாக எழுந்து ஆங்கிலத்தில் பெயர், ஊர், பள்ளி, கட்-ஆஃப் சொல்ல வேண்டும். நாலாவது பெஞ்சில் இருக்கும் பையன் "மைசெல்ஃப்" போடலாமா, "ஐ ஆம்" போடலாமா என்று மனசுக்குள் ஒத்திகை பார்க்கிறான். தனக்கு முன்னால் பேசியவர் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறுவதில்லை. தன் முறைக்குச் சற்று முன்பு பேசப்பட்டதை மனிதர்கள் மறந்துவிடுகிறார்கள் என்று பிரென்னர் என்ற ஆய்வாளர் 1973-இலேயே காட்டியிருக்கிறார். ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள வைத்த ஒரு மணி நேரம் முடியும்போது அவனுக்கு ஒரு பெயர்கூடத் தெரியாது. யார் பீட்டர் விடுகிறார்கள், யார் திணறினார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அதற்குப் பதில் இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஆளுக்கு நான்கு நிமிடம், எந்த மொழியிலும் பேசலாம். பிறகு மூன்று ஜோடிகளைச் சேர்த்து ஆறு பேர் குழுவாக்குங்கள். அதில் ஒவ்வொருவரும் தன் ஜோடியை அறிமுகம் செய்யட்டும். போர்டு, கட்-ஆஃப், கோட்டா மூன்றும் கேள்வியில் வரக்கூடாது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் ஐந்து பெயர் நிச்சயம் தெரிந்திருக்கும்.

'நான் மட்டும்' என்ற எண்ணம் ஒரு கணக்குப் பிழையிலிருந்து வருகிறது. நம்முடைய உள்நடுக்கம் நமக்குத் தெரியும், அடுத்தவரின் இஸ்திரி போட்ட சட்டைதான் நமக்குத் தெரியும். எல்லாரும் பயத்தை மறைப்பதால், பயமே இல்லாத ஐம்பத்தொன்பது பேருக்கு நடுவே இருப்பதாக ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். இதோடு இன்னொரு பிழையும் சேர்கிறது. உளவியலாளர் கிலோவிச்சின் குழுவினர் 2000-இல் வெளியிட்ட சோதனையில், சங்கடமான படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அதைப் போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான்.

ஆனால் இந்தச் சந்தேகம் எல்லாரையும் ஒரே அளவில் தின்பதில்லை. அப்பா அம்மா இருவரும் பொறியாளர்களாக உள்ள வீட்டுப் பெண்ணை யாரும் கேன்டீனுக்குக் கூப்பிடாவிட்டால், அது அவளுக்கு மோசமான ஒரு நாள், அவ்வளவுதான். முதல் பட்டதாரிச் சான்றிதழோடு வந்தவளுக்கோ அதே விஷயம் 'நீ இங்கே சேர்ந்தவள் இல்லை' என்பதற்கு ஒரு சாட்சி. முதல் இன்டர்னலில் குறைந்த மதிப்பெண் இன்னொரு சாட்சி. பிறகு அவள் டவுட் கேட்பதை நிறுத்துகிறாள், கடைசி பெஞ்சுக்குப் போகிறாள், மதிப்பெண் இன்னும் இறங்குகிறது. சந்தேகம் தனக்குத் தேவையான ஆதாரத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

இந்தச் சுழலை வால்டன், கோஹன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு மணி நேரப் பயிற்சியால் உடைத்துப் பார்த்தார்கள். 'இந்தக் கவலை ஆரம்பத்தில் எல்லாருக்கும் வரும், நாளாக ஆக மாறும்' என்று காட்டும் சீனியர்களின் அனுபவங்களை முதலாண்டு மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்து, அடுத்து வரும் ஜூனியர்களுக்காக அவர்களையே எழுதவும் கேமரா முன் பேசவும் வைத்தார்கள். 2011-இல் வெளியான முடிவின்படி, கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி மூன்றாண்டுகளில் பாதியாகக் குறைந்தது.

நம் ஊரில் இதை நடத்த, தொழில்நுட்பக் கல்விக்கான தேசிய அமைப்பான ஏஐசிடிஇ சொல்லும் மூன்று வார அறிமுகப் பயிற்சிக்குள்ளேயே இடம் இருக்கிறது. தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரைக் குறைத்தால் போதும். இரண்டாம், மூன்றாம் ஆண்டிலிருந்து ஆறு பேரை எடுங்கள். தமிழ் மீடியம் இருவர், சென்னை சிபிஎஸ்இ ஒருவர், ஹாஸ்டலில் அழுத ஒருவர், அரியர் வைத்துத் தேறிய ஒருவர், வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒருவர். ஆளுக்கு நான்கு நிமிடம். முதல் மாதம் என்ன நினைத்தேன், குறிப்பாக என்ன செய்தேன், எப்போது மாறியது என்ற மூன்றை மட்டும் சொல்ல வேண்டும். முந்தைய நாளே ஒருமுறை பேசவைத்துக் கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டவர்கள் இருபது நிமிடம் அடுத்த ஆண்டு ஜூனியருக்கு ஒரு கடிதம் எழுதட்டும். பெயர் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், தமிழில் எழுதலாம். எழுதும் பகுதியை நேரமில்லை என்று வெட்டிவிடாதீர்கள். அடுத்தவருக்குச் சொல்லும்போதுதான் அது தனக்கும் சொந்தமாகிறது.

கெடும் இடங்கள் எங்களுக்குப் பழக்கமானவை. டாப்பரை மட்டும் மேடையேற்றினால் 'அவன் வேற லெவல்' என்று கேட்பவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஒதுக்கீட்டில் வந்தவர்களை மட்டும் பேசவைத்தால் இது அவர்களுடைய வியாதி என்றாகிவிடும், அதனால் அந்த சிபிஎஸ்இ சீனியர் கட்டாயம் வேண்டும். 'பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு' என்று பேனர் கட்டினால் அன்றே எல்லாம் போச்சு. 'இங்கே எல்லாரும் ஒன்றுதான்' என்ற பேச்சும் உதவாது. வித்தியாசம் இருப்பது மாணவருக்கு நன்றாகவே தெரியும், இல்லை என்று சொல்பவர்மேல் உள்ள நம்பிக்கைதான் போய்விடும்.

"ஃபர்ஸ்ட் கிராஜுவேட் எல்லாம் எழுந்திருங்க" என்று வகுப்பில் கூப்பிடுவதையும் இந்த ஆண்டே நிறுத்துங்கள். உதவித்தொகைப் பட்டியல் அலுவலகத்தில் இருக்கிறது, தனித்தனியாக மெசேஜ் அனுப்பினால் போதும். லேப் பேட்ச் பிரிக்கும்போது மெக்கானிக்கலில் இருக்கும் நான்கு பெண்களைப் பேட்ச்சுக்கு ஒருவராகத் தூவாமல் இரண்டிரண்டாக வையுங்கள். தனியாக நிற்பவளின் ஒவ்வொரு தவறும் 'பொண்ணுங்களே இப்படித்தான்' என்று எண்ணப்படும். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய சோதனைகளில், அறை முழுக்கத் தவறான பதில் சொன்னபோது பலர் கூட்டத்தோடு போனார்கள். சரியான பதில் சொல்லும் ஒரே ஒரு துணை இருந்ததும் அப்படிப் போவது பெருமளவு குறைந்தது.

ஒரு எச்சரிக்கை. வால்டனும் பிறரும் 22 கல்லூரிகளில் 26,911 மாணவர்களிடம் இதே முறையைச் சோதித்து 2023-இல் வெளியிட்டார்கள். உண்மையிலேயே ஒட்டிக்கொள்ள இடம் கொடுத்த கல்லூரிகளில்தான் அது பலன் தந்தது. ஆகவே உங்கள் ஹாஸ்டலில் சாதி கேட்டு அறை பிரிகிறது என்றால், ஆசிரியர் ஒருவர் 'கோட்டா கேஸ்' என்று கிண்டல் செய்கிறார் என்றால், அங்கே 'செட் ஆகலை' என்பது மனப்பிழை இல்லை, சரியான கணிப்பு. முதலில் அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு விசாரியுங்கள். சீனியர் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் குறைந்து, அறையை விட்டே வராமல் இருப்பவருக்கு இந்த ஏற்பாடுகள் போதாது. அவரை ஆலோசகரிடமோ மனநல மருத்துவரிடமோ நேரில் அழைத்துச் செல்லுங்கள். உயிரை விடுவது பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 இலவச எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அதை நோட்டீஸ் போர்டில் மட்டும் ஒட்டாமல், யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ளும் வகையில் ஹாஸ்டல் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

கடைசியாக நாள் குறிப்பது. சீனியர் பேச்சு முதல் இரண்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இன்டர்னல் விடைத்தாள் கொடுக்கும் நாளில் பத்து நிமிடம் அதை மறுபடி நினைவூட்டுங்கள். அன்று சத்தமாக மதிப்பெண் வாசிக்காமல், தாளைக் கவிழ்த்துக் கையில் கொடுக்கும்படி ஆசிரியர்களுக்கு ஒரு சர்க்குலர் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கல்லூரி மாணவர் ஆலோசகர்கள் சிலர்