எந்த எலி என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருந்து, தடுப்பூசி பற்றிய செய்திகளில் ‘எலிகளுக்குக் கொடுத்ததில் வெற்றி’ என்ற வரி தவறாமல் வருகிறது. எந்த எலி என்பது மட்டும் வருவதில்லை. ஆய்வகச் சுண்டெலிகள், கூடப்பிறந்தவற்றையே 20 தலைமுறைக்கு மேல் இணைசேர்த்து வளர்த்த வம்சங்கள். ஒரு வம்சம் தாங்கும் கிருமியில் இன்னொன்று செத்துப்போகும்.

சி3எச்/எச்இஜே வம்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில பாக்டீரியாக்களின் வெளியுறையில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருளை மோப்பம் பிடிப்பது டிஎல்ஆர்4 என்ற புரதம். இந்த வம்சத்தில் அதன் 712-ஆம் இடத்தில் புரோலைன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான் கோளாறு. மற்ற எலிகளைக் கொல்லும் அளவு எண்டோடாக்சினை ஏற்றினாலும் இது அசையாது. ஆனால் அதே எண்டோடாக்சினை உறையில் கொண்ட சால்மோனெல்லா டைஃபிமூரியம் பாக்டீரியா உயிரோடு கொஞ்சம் போனாலே பிழைக்காது. உள்ளே வந்ததை உடம்பு உடனே உணராததால் கிருமி பெருகிவிடுகிறது. 1998-ல் இதைக் கண்டறிந்த குழுவின் தலைவர் புரூஸ் பாய்ட்லர், 2011-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நம் வேலூர், ராணிப்பேட்டை பக்கம் மழை ஓய்ந்த குளிர்மாதங்களில் அதிகம் பார்க்கும், நுண்ணிய பூச்சி கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலிலும் இதே கதைதான். அதன் கிருமியில் கில்லியம் வகையை வயிற்றறைக்குள் செலுத்தினால் சி3எச் எலி சாகும், பால்ப்/சி எலி பிழைக்கும். இரண்டுக்கும் பிறக்கும் குட்டியும் பிழைக்கும். 5-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரே ஓங்கு மரபணு செய்யும் வேலை அது. கார்ப் வகையைக் கொடுத்தாலோ பால்ப்/சி-யும் தாங்காது. ஆகவே எலியின் வம்சம், கிருமியின் வகை, செலுத்திய வழி மூன்றையும் ஒரே ஒரு வரியில் அச்சிடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

இதைப் படிக்கும் நம் மாவட்ட ஆய்வு மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறிப்பேட்டில் வெறும் ‘சி3எச்’ என்று எழுதாதீர்கள்; அதன் இன்னொரு கிளையான சி3எச்/எச்இஎன்-இல் டிஎல்ஆர்4 நன்றாகவே வேலை செய்கிறது. கடையில் வாங்கும் எண்டோடாக்சினில் பாக்டீரியாவின் லிப்போபுரதம் (கொழுப்பு சேர்ந்த புரதம்) ஒட்டிக்கொண்டிருக்கும். அதை டிஎல்ஆர்2 என்ற இன்னொரு உணர்புரதம் பிடித்துக்கொள்ள, எச்இஜே செல்களும் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கும். அதைப் பார்த்து நீங்கள், எண்டோடாக்சினை உணர டிஎல்ஆர்4 தேவையே இல்லை என்று எழுதிவிடுவீர்கள். ஃபீனால் கொண்டு மறுபடி சுத்திகரித்த பிறகே பயன்படுத்துங்கள். கண்ணாடிக் கருவிகளை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலத்தில்) 121 டிகிரியில் வைத்தால் கிருமி சாகும், எண்டோடாக்சின் போகாது. உலர் அடுப்பில் 250 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆசிரியர்கள்,
காட்பாடி