ஷார்ஜாவில் இருக்கும் தம்பிக்கு, கீழக்கரையில் இருந்து

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் கனடாவில் இருந்து ஊருக்கு வந்து பத்து நாள் ஆகிறது. நேற்று அசர் தொழுதுவிட்டு உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாச்சி, அதான் உன் உம்மா, டீ கொடுத்தார்கள். பேச்சோடு பேச்சாகக் கையில் கிடந்த இரண்டு வளையலையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "கனடாவுக்கு ஏஜெண்ட் ஆறு லட்சம் கேக்குறாராம். இதை அடகு வச்சு முதல் தவணை கட்டச் சொல்றான். நீ அங்கதான இருக்கே, கட்டலாமா?" என்று கேட்டார்கள். கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்கு விளக்க வேண்டியது என் கடமை. வாய்ஸ் மெசேஜில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கமெல்லாம் இதே யோசனையில் இருக்கிற பையன்கள் நிறையப் பேர். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

ஆறு லட்சத்தில் ஒரு கனடா கம்பெனியின் வேலைக் கடிதமும் அடக்கம், அதைக் காட்டினால் மதிப்பெண் கூடும் என்று ஏஜெண்ட் சொன்னாராமே. மதிப்பெண் போட்டு, அதிகம் உள்ளவர்களைக் கனடாவில் குடியேற விண்ணப்பிக்க அழைக்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் ஒரு காலத்தில் அப்படி இருந்தது உண்மை. வேலைக் கடிதத்துக்கு 50 மதிப்பெண், உயர் மேலாளர் பதவி என்றால் 200. அந்தக் கடிதங்களைக் காசுக்கு விற்கிற வியாபாரம் நடந்ததால், 2025 மார்ச் 25 அன்று அந்த மதிப்பெண்ணையே எடுத்துவிட்டார்கள். ஆக, சாச்சியின் வளையலுக்கு உனக்குக் கிடைக்கப்போவது பூஜ்யம். கடிதம் பொய் என்று தெரிந்தால் அதைவிட மோசம். ஐந்து வருடத்துக்கு உனக்கு அந்த ஊர்க் கதவு அடைபடும். கையெழுத்துப் போட்டது நீ என்பதால் ஏஜெண்டுக்கு ஒன்றும் ஆகாது.

உதவிக்கு ஆள் வேண்டும் என்றால், கனடாவில் இதற்கென்று உரிமம் பெற்ற ஆலோசகர்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். ஆலோசகர் பெயரை அங்கே உள்ள குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் (அவர்களுக்கு உரிமம் தருகிற அமைப்பு) பதிவேட்டில் நீயே தேடிப் பார்க்கலாம். உன் ஏஜெண்ட் பெயரை நான் நேற்று ராத்திரியே தேடினேன். இல்லை.

சரி, உன்னிடம் என்ன இருக்கிறது? ஐந்து வருடம் சில்லர் வேலை, அதாவது பெரிய கட்டிடங்களின் ஏ.சி. வேலை. கம்ப்ரசர் இறக்கி ஏற்றுகிறாய், கேஸ் லீக் பிடிக்கிறாய், ஜூலை வெயிலில் மொட்டை மாடியில் நின்று கண்டன்சர் கழுவுகிறாய். கனடாவின் தொழில் பட்டியலில் ஏ.சி. மெக்கானிக் திறன் தொழில்தான். ஆனால் உன் விசாவில் போட்டிருப்பது 'ஹெல்பர்'. நம்ம பையன்கள் பாதிப் பேருக்கு இதே கதை. ஆள் எடுக்கும்போது கம்பெனியிடம் எந்த விசா இருந்ததோ அதில் ஏற்றிவிடுவார்கள். இதை நினைத்துத்தான் நீ பயந்து பொய்க் கடிதம் தேடுகிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. பயப்படாதே. பதவியின் பெயரைவிட நீ அன்றாடம் செய்த வேலை என்ன என்பதைத்தான் அதிகாரி பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். விசாவில் வேறு பெயர் இருப்பதை நீயே ஒரு விளக்கக் கடிதத்தில் சொல்லிவிடலாம்.

அந்த வேலையைக் கம்பெனி கடிதத்தில் எழுதித் தர வேண்டும். நான் விழுந்தது இந்த இடத்தில்தான். துபாயில் என் முதல் கம்பெனியை விட்டு வந்தபோது ஒரு கடிதம் கொடுத்தார்கள். இரண்டே வரி. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை எங்களிடம் வேலை பார்த்தார், நன்னடத்தை உள்ளவர். பச்சை முத்திரை பளிச்சென்று இருந்ததால் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தேன். கனடாவில் இருந்து அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் எல்லாக் காகிதத்தையும் ஏற்ற வேண்டும். அந்தக் கடிதத்தையே ஏற்றினேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. என்ன வேலை செய்தேன், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு, ஒன்றுமே அதில் இல்லை.

அப்புறம் நான் செய்த வேலைகளைப் பதினோரு வரியாக டைப் அடித்து எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போனேன். முதல் நாள் மேனேஜர் லீவு. இரண்டாம் நாள், இதெல்லாம் எங்கள் வழக்கம் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் மதியம் வரை வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருந்தேன். என்னோடு சைட்டில் நின்ற பழைய போர்மேன் ஒருவர் அந்த வழியாக வந்தார். காகிதத்தை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். "ரெண்டு வேலையை விட்டுட்டியே" என்று பேனாவால் சேர்த்து எழுதி, அவரே உள்ளே எடுத்துப் போய் லெட்டர்ஹெட்டில் அச்சடித்துக் கையெழுத்து வாங்கித் தந்தார். அந்தப் பதின்மூன்று வரிதான் என்னைக் கனடாவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் இடையில் ஒன்றரை வருடம் போய்விட்டது.

அதனால் சொல்கிறேன், நீ இந்தக் கம்பெனியில் இருக்கும்போதே கடிதம் வாங்கு. சம்பளச் சிலிப், லேபர் கார்டு, வேலை ஒப்பந்தம் எதையும் தூக்கிப் போடாதே. அமீரகப் போலீஸ் சான்றும் அங்கே இருக்கும்போது எடுப்பது சுலபம். ஊருக்கு வந்தபின் என்றால் கைரேகை, அட்டெஸ்டேஷன் என்று அலைய வேண்டும்.

இன்னொன்று பெயர். முகமது என்ற பெயருக்கு நம்ம ஊரில் ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல்! உன் டிப்ளமோவில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. டிப்ளமோவில் வாப்பா பெயர் இனிஷியல், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. எல்லாவற்றுக்கும் பாஸ்போர்ட்டில் உள்ளதே அடிப்படை. குடும்பப் பெயர் இல்லை என்றால் உன் முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு மற்றதைக் காலியாக விட வேண்டும்.

இனி, உனக்குப் பிடிக்காததையும் சொல்கிறேன். உன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 1200க்கு 400 சொச்சம்தான் வருகிறது, அதுவும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வை நன்றாக எழுதினால். 2024இல் பொதுவான அழைப்புகள் 500க்கு மேலேயே நின்றன. வயதுக்கு 29 வரை 110 மதிப்பெண். 30இல் 105, 35இல் 77. உனக்கு 29 நடக்கிறது. ஆங்கிலத்தில் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 எடுத்தே ஆக வேண்டும். ரைட்டிங்கில் மட்டும் 6.5 ஆனால் அரை மதிப்பெண்தானே என்று நினைக்காதே. படிப்புக்கும் அனுபவத்துக்கும் சேர்த்துத் தருகிற கூடுதல் மதிப்பெண்ணும் குறைந்து மொத்தம் 45 போய்விடும்.

வழி இருக்கிறது. 2023இல் இருந்து தொழில் வாரியாகவும் அழைக்கிறார்கள், ஏ.சி. மெக்கானிக் அதில் வருகிறது. ஒரு மாகாணம் உன்னைத் தேர்ந்தெடுத்தால் 600 மதிப்பெண் சேரும். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனி அழைப்பு உண்டு. 2025 மார்ச்சில் அது 379 வரை இறங்கியது. நம்ம ஊர்ப் பையனுக்குப் பிரெஞ்சா என்று சிரிக்காதே. ஐந்து வருடத்தில் அரபியும் மலையாளமும் உருதுவும் காதால் கேட்டே பேசக் கற்றவன் நீ. அந்த ஆறு லட்சத்தில் கொஞ்சத்தை வகுப்புக்குக் கட்டு, மிச்சத்தை உன் பெயரில் பாங்கில் போடு. அங்கே போய்ச் சமாளிக்கப் பணம் இருக்கிறது என்று ஆறு மாதக் கணக்கைக் காட்ட வேண்டும். கைமாற்றாக வாங்கிய பணமோ, வீடு நிலமோ, உம்மாவின் நகையோ அந்தக் கணக்கில் வராது.

நம்ம கரைக்குச் சபுர், அதாவது கடல் கடந்து பிழைக்கப் போவது, புதிதில்லை. நம்ம அப்பா, அதாவது தாத்தா, கொழும்புக்குப் போன காலத்தில் மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இல்லை என்று பார்த்த பிறகே தனுஷ்கோடியில் கப்பல் ஏற்றினார்களாம். வாப்பாமார்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். எல்லாமே போய்விட்டுத் திரும்பி வருகிற பயணம். நாம் கேட்பது அங்கேயே இருக்க. அதற்கு அவர்கள் நம் பத்து வருடத்தைத் திருப்பிப் பார்ப்பது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. உன் பத்து வருடத்தில் மறைக்க ஒன்றும் இல்லை, தம்பி. அது எனக்குத் தெரியும்.

அடுத்த வியாழன் மதுரையில் இருந்து துபாய் வழியாகத்தான் திரும்புகிறேன். ஒருநாள் உன் ரூமில் தங்குகிறேன். லேபர் கார்டு, சிலிப் எல்லாவற்றையும் எடுத்து வை, உன் வேலைகளை வரி வரியாக எழுதுவோம். சாச்சி வளையலை மறுபடி கையில் போட்டுக்கொண்டார்கள். உனக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு கிலோ தொதல் இனிப்பு கட்டித் தந்திருக்கிறார்கள்.

உன் காக்கா