திருத்துநர் சங்கத்தின் 2025 ஆம் ஆண்டறிக்கை: நடு எஞ்சின் கார் பற்றிய படிப்புவட்டத்தை முன்வைத்து

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த பாஸ்மார்களே, செயற்குழு உறுப்பினர்களே, தொழில் பழகும் தம்பிமார்களே,

மட்டக்களப்பு நகரிலும் ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, ஏறாவூர், செங்கலடி ஆகிய இடங்களிலும் கராஜ் நடத்தும் எமது அங்கத்தவர்கள் சார்பில் இவ்வாண்டுக்கான அறிக்கையைப் பொதுச்சபையின் முன் சமர்ப்பிக்கின்றேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அங்கத்துவம், சந்தா ஆகிய விடயங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் நிகழவில்லை. ஆகவே இவ்வறிக்கையை, எமது மாதாந்தப் படிப்புவட்டம் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொண்ட ஒரே பொருளுக்கே ஒதுக்க விரும்புகின்றேன்.

அப்பொருள் டொயோட்டா நிறுவனத்தின் எம்ஆர்2 என்னும் இரண்டு இருக்கை கொண்ட கார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி இவ்வாண்டு பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட வேளையில், ஹைபிரிட் வாகனங்களைப் பற்றிப் படிக்காமல், 2007 இல் உற்பத்தி நின்றுபோன ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஏன் எடுக்க வேண்டுமென்று சில அங்கத்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒரே நிறுவனம், ஒரே எண்ணத்தை விடாமல், ஒரே காரை மூன்று முறை அடித்தளத்திலிருந்து மாற்றி வடிவமைத்திருப்பதால், எந்த முடிவு எந்த விளைவைக் கொடுத்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எமக்குக் கிடைக்கவில்லை. அத்துடன், சனவரி மாதம் தோக்கியோ ஓட்டோ சலோன் கண்காட்சியில் டொயோட்டா தனது யாரிஸ் காரின் நடுவில் புதிய இரண்டு லீற்றர் டர்போ எஞ்சினை வைத்து ஒரு பரீட்சார்த்த வண்டியைக் காட்டியதும், இளைய அங்கத்தவர்களிடையே இவ்விடயம் சூடாகப் பேசப்பட்டதற்குக் காரணமாயிற்று.

முதல் அமர்வுகள் எஞ்சின் இருக்கும் இடத்தைப் பற்றியவை. நடு எஞ்சின், அதாவது முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையில் எஞ்சினை வைக்கும் அமைப்பு, எமது கைகளுக்கு முற்றிலும் புதியதன்று. பழைய லைட்ஏஸ், டவுன்ஏஸ் வான்களின் முன்னிருக்கையைத் தூக்கி வேலை செய்யாத பாஸ் இச்சபையில் இருக்க மாட்டார். 1990 இல் வெளிவந்த முதலாவது எஸ்டிமா வானோ எஞ்சினை 75 பாகை சாய்த்து இருக்கைகளின் கீழே படுக்க வைத்து, ஓல்டர்நேட்டர், ஏசி கொம்ப்ரசர் முதலியவற்றை ஒரு நீண்ட தண்டின் மூலம் முன்பக்கத்திலிருந்து இயக்கியது. வான்களில் இந்த அமைப்பு இடவசதிக்காகச் செய்யப்பட்டது. ஸ்போர்ட்ஸ் காரிலோ பாரத்தை இரண்டு அச்சுகளுக்கும் இடையில் சேர்த்து வைப்பதால் வண்டி வளைவில் விரைவாகத் திரும்புகின்றது என்பதே நோக்கம்.

அப்படியான காரை மலிவாகச் செய்வது எப்படி என்பதற்கு இத்தாலியின் பியட் நிறுவனம் 1972 இல் தனது எக்ஸ்1/9 காரின் மூலம் வழி காட்டியது. முன்சில்லு இழுக்கும் சாதாரண பியட் 128 காரின் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் அப்படியே இருக்கைகளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். 1984 இல் எம்ஆர்2 செய்த டொயோட்டாவும் அதே வழியில் சென்று, கொரோல்லா குடும்பத்து 1.6 லீற்றர் 4ஏ-ஜிஇ எஞ்சினைக் குறுக்காகப் பின்னால் பொருத்தியது. இதை விளங்க வைப்பதற்காகக் கல்லடியிலுள்ள ஒரு கராஜின் தளத்தில் மூன்று தலைமுறைகளினதும் அச்சிடைத் தூரத்தைச் சோக்கினால் வரைந்தோம்: 2,320, 2,400, 2,450 மில்லிமீற்றர். கழித்து விடப்பட்ட ஒரு கொரோல்லாவின் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் டிரொலியில் ஏற்றி, முன்னச்சுக் கோட்டிலிருந்து பின்னச்சுக் கோட்டுக்குச் சற்று முன்னே தள்ளி நிறுத்தியபோது, கியர் கேபிள், அக்சிலரேட்டர் கேபிள், தண்ணீர்க் குழாய் ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் நீள வேண்டியிருக்கின்றது என்பது தொழில் பழகுவோருக்கு உடனே புரிந்தது. புத்தகப் படத்தைக் காட்டிப் பல மாலைகள் விளக்கியிருந்தாலும் அந்த விளக்கம் வந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

முதலாவது எம்ஆர்2 ஏறத்தாழ ஒரு தொன் பாரமுள்ளது. அமெரிக்காவில் அதன் ஆரம்ப விலை 11,000 டொலரளவில் இருந்தது. ஜப்பானில் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட முதலாவது நடு எஞ்சின் கார் என்ற பெருமையோடு, அந்நாட்டின் ஆண்டின் சிறந்த கார் விருதையும் அது பெற்றது. கூர்மையான மூலைகள் கொண்ட அதன் உருவத்தை எல்லோரும் அழகென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் பெற்றோல் தாங்கியை நடுச் சுரங்கத்தினுள் வைத்து, பெற்றோல் குறையும்போதும் பாரச் சமநிலை அதிகம் மாறாதபடி செய்த அந்த யோசனை, உருவத்தைப் பற்றிய குறையையெல்லாம் மறக்கச் செய்கின்றது.

1989 இல் வந்த இரண்டாவது தலைமுறையே எம்மிடையே அதிகம் விவாதிக்கப்பட்டது. உருண்ட உடலும், இரண்டு லீற்றர் எஞ்சினும், டொயோட்டாவின் செலிக்கா காரின் நான்கு சில்லு இழுவை மொடலிலிருந்து வந்த டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தி வலுவைக் கூட்டும்) வகையும் சேர்ந்து அதை வேறொரு தரத்துக்கு உயர்த்தின. ஜப்பானிய டர்போ வகை 225 குதிரைவலுவில் தொடங்கிப் பின்னர் 245 ஐ எட்டியது. பாரமும் 1,200 கிலோவைத் தாண்டியது. வளைவின் நடுவே சாரதி பயந்து அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பாரம் முன்னோக்கிச் சாய, பின் டயர்களின் பிடி தளர்ந்து, வண்டியின் பின்புறம் திடீரெனச் சுற்றிவிடும் என்ற பெயரும் அதற்கு வந்தது. எஞ்சின் பின்பாதியில் இருப்பதால், ஒரு தடவை சுழலத் தொடங்கிய பாரத்தை அடக்குவது கடினம். அடுத்து வந்த திருத்தத்தில் பின் சஸ்பென்ஷனின் அமைப்பை மாற்றி, 14 அங்குலச் சில்லுகளுக்குப் பதிலாக 15 அங்குலச் சில்லுகளைக் கொடுத்து, பின் டயரின் அகலத்தை 205 இலிருந்து 225 ஆகக் கூட்டினார்கள். முன்டயரும் பின்டயரும் வெவ்வேறு அளவில் இருக்கும் வாகனத்தில் டயர்களை முன்பின்னாக மாற்றிப் போடும் வழக்கத்தை ஏன் அறவே கைவிட வேண்டும் என்பதை இதைக்கொண்டு விளக்கியபோது, மூத்த பாஸ்மார்கள் தாங்களாகவே எழுந்து மேலும் பல எச்சரிக்கைகளைச் சேர்த்தார்கள்.

அந்தக் காரைச் சந்தையில் தோற்கடித்தது நாணய மதிப்பு. 1985 இல் ஒரு டொலருக்கு 240 யென் அளவில் இருந்த மாற்றுவீதம் 1995 ஏப்ரலில் 80 யென்னுக்கும் கீழே இறங்கியது. அமெரிக்காவில் டர்போ வகையின் விலை 30,000 டொலரை நெருங்கியது. மலிவுக்காகப் பிறந்த கார் மலிவாக இல்லாமற்போக, அந்த ஆண்டோடு அமெரிக்க விற்பனை நின்றது. ரூபாவின் மதிப்பு விழும்போது உதிரிப்பாகங்களின் விலை என்னவாகின்றது என்பதைப் பட்டறிந்த எமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த நிலையிலேயே, 1999 இல் மூன்றாவது தலைமுறை வெளிவந்தது. ஜப்பானில் எம்ஆர்-எஸ் என்றும், அமெரிக்காவில் எம்ஆர்2 ஸ்பைடர் என்றும் விற்கப்பட்ட இந்த மாற்றத்தையே நான் மிகத் துணிச்சலானதென்று கருதுகின்றேன். ஒவ்வொரு புது மொடலும் முன்னையதைவிடப் பெரிதாகவும் பாரமாகவும் வலுவாகவும் வந்துகொண்டிருந்த காலத்தில், இவர்கள் டர்போவை எடுத்தார்கள், கூரையைத் துணியாக்கினார்கள், பின் பெட்டியையே அகற்றினார்கள். பொதி வைக்க இருக்கைக்குப் பின்னால் ஒரு சிறு இடமும், முன்பக்கத்தில் மாற்றுச் சில்லோடு சேர்ந்த ஒரு பள்ளமுமே மிஞ்சின. எஞ்சின் 1.8 லீற்றர் 1இசட்இசட், வலு 140 குதிரைவலு மட்டுமே. ஆயினும் ஜப்பானிய வகையின் பாரம் 970 கிலோ அளவுக்கு இறங்கியது. அச்சிடைத் தூரம் கூடியும் மொத்த நீளம் 3.9 மீற்றருக்குள் அடங்கியது. சில்லுகளை மூலைகளுக்குத் தள்ளி, அச்சுகளுக்கு வெளியே தொங்கும் பாரத்தைக் குறைத்ததன் பலன் அது. அமெரிக்காவில் அதன் விலை 23,000 டொலரளவுக்குத் திரும்பி வந்தது.

வலுவைக் குறைத்தது பின்னடைவென்று வாழைச்சேனையிலிருந்து வந்த அங்கத்தவர்கள் வாதிட்டார்கள். அவர்களது மதிப்பில் இரண்டாவது தலைமுறையே முழுமையான கார். நான் அதை ஏற்கவில்லை. குறைந்த பாரம் பிரேக்கிலும் டயரிலும் சஸ்பென்ஷனிலும் ஒவ்வொரு நாளும் பயன் தருவது. வலு, தெரு திறந்து கிடக்கும்போது மட்டும் பயன் தருவது. அதேவேளை, ஆரம்பகால 1இசட்இசட் எஞ்சின்களில் பிஸ்டன் ரிங்குகளின் ஊடாக ஒயில் எரிவதும், எம்ஆர்-எஸ் காரில் எக்சோஸ்ட் மனிபோல்டினுள் (எரிந்த புகை வெளியேறும் குழாய்த் தொகுதியினுள்) இருக்கும், புகையைச் சுத்திகரிக்கும் முன் கற்றலிஸ்ட் நொறுங்கி அதன் துகள் எஞ்சினுக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதும் உலகெங்கும் திருத்துநர்கள் அறிந்த பலவீனங்கள் என்பதையும் படிப்புவட்டத்தில் மறைக்காமல் பேசினோம். அதே எஞ்சின் சில 1.8 லீற்றர் கொரோல்லா, அலியன் மொடல்களிலும் உண்டாகையால், ஒயில் அளவைத் தவறாது பார்க்கும்படி வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டியது எமது கடமை.

எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர்ச் சுற்றுக்கு ஒரு முழு அமர்வு போயிற்று. ரேடியேட்டர் முன்னே, எஞ்சின் பின்னே, நடுவில் தரைக்கடியில் நீண்ட குழாய்கள் என்பதால், கூலன்ட் மாற்றும்போது அடைபடும் காற்றை வெளியேற்ற ரேடியேட்டரிலும் ஹீட்டர்ப் பக்கத்திலும் தனித்தனி வாய்கள் உண்டு. காற்று அடைபட்டால் மானி சாதாரண வெப்பத்தைக் காட்டும்போதே சிலிண்டர் ஹெட் சூடேறி வளையக்கூடும். ஒளி ஊடுருவும் குழாயால் ஒரு மாதிரிச் சுற்றைச் செய்து, குமிழி எங்கே தங்குகின்றதென்று எல்லோரும் கண்ணால் கண்டோம். இருக்கைக்கடியில் எஞ்சின் உள்ள வான்களுக்கும் பின்பக்க ஏசி, ஹீட்டர்க் குழாய் உள்ள வாகனங்களுக்கும் இந்தப் பாடம் நேராகப் பொருந்தும். ஆண்டின் மிகப் பயனுள்ள அமர்வு இதுவே.

வரும் ஆண்டுக்காகச் செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்மொழிகின்றது. ஒன்று, தண்ணீர்ச் சுற்று மாதிரியைச் சங்கத்தின் சொத்தாகப் பதிந்து, கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய இடங்களிலுள்ள திருத்துநர்களுக்கும் இரவல் கொடுத்தல். மற்றையது, ஹைபிரிட் வாகனங்களின் மின்கலக் குளிரூட்டலை, எம்ஆர்2 காரைப் படித்த அதே முறையில், ஒரே மொடலின் அடுத்தடுத்த தலைமுறைகளை ஒப்பிட்டுப் படித்தல். இவ்விரண்டையும் இவ்வறிக்கையோடு சேர்த்து ஏற்றுக்கொள்ளுமாறு சபையைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கின்றேன்.

செயலாளர்
மட்டக்களப்பு